சட்டியும் சேர்ந்துதான் சமைத்தது

ஸ்டான்லி மில்லர் 2007 மே மாதம் காலமானார். அவர் விட்டுச்சென்ற பொருட்களில் சில அட்டைப்பெட்டிகள் அவருடைய பழைய மாணவர் ஜெஃப்ரி பேடாவிடம் வந்து சேர்ந்தன. பெட்டிகளுக்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அவற்றின் அடியில் காய்ந்து ஒட்டிப்போன கறை. 1950களில் மில்லர் செய்த சோதனைகளில் மிஞ்சியது அவ்வளவுதான். குப்பிகளில் இருந்த குறிப்புகளை அவருடைய நோட்டுப் புத்தகங்களோடு வைத்துப் பார்த்தால், எந்தக் கறை எந்தச் சோதனையில் வந்தது என்று சொல்லிவிட முடிந்தது.

அரை நூற்றாண்டாக ஒரு மனிதர் காய்ந்த கறையை எதற்குப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்? சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் எனக்கு இது விநோதமாகப் படவில்லை. பழைய லாக் கோப்புகளை அழிக்க எங்களில் பலருக்கு மனசே வராது. இன்றைக்கு அதில் ஒன்றுமே தெரியாது. வேறொரு கேள்வியோடு ஒருநாள் திரும்பப் போவோம். அப்போது அதே வரிகள் வேறு கதை சொல்லும்.

மில்லரின் சோதனையைப் பற்றி இரண்டு கதைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பாடப்புத்தகக் கதை: குடுவையில் வாயுக்களை அடைத்தார், மின்சாரம் பாய்ச்சினார், உயிரின் மூலப்பொருள் வந்தது, கேள்வி முடிந்தது. இன்னொன்று யூடியூப் கதை: அவர் அடைத்த வாயுக்களே தப்பு, சோதனை பொய்யாகிவிட்டது, ஆகவே உயிர் தானாகத் தோன்றியது என்பதும் பொய். ப்ளஸ் டூவில் முதல் கதையை மனப்பாடம் செய்து, கல்லூரி முடித்தபிறகு இரண்டாவது கதையை ஃபார்வர்டு செய்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டு கதைகளும் 1953-லேயே குடுவையை மூடி வைத்துவிடுகின்றன. உண்மையில் அந்தக் குடுவையை மூன்று முறை படித்திருக்கிறார்கள். மூன்றாவது வாசிப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதற்கு, இன்னொரு கண்ணாடிக் குடுவையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

*

மூடாமல் வைத்த கறியில் புழு வருவதைப் பார்த்த மனிதன், கறியே புழுவாகிறது என்றுதான் நீண்ட காலம் நம்பினான். 1668-இல் பிரான்செஸ்கோ ரெடி கறியைத் துணியால் மூடி வைத்து, ஈ உட்காராவிட்டால் புழு வராது என்று காட்டினார். அப்புறம் நுண்ணோக்கி வந்தது. புழு போய் நுண்ணுயிர் அந்த இடத்தைப் பிடித்தது. கொதிக்க வைத்த சாறுகூடச் சில நாளில் கெட்டுப்போகிறதே, அந்தக் கிருமிகள் எங்கிருந்து வந்தன?

லூயி பாஸ்டர் இதற்கு ஒரு குடுவை செய்தார். அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து நீண்ட வாய். உள்ளே சாற்றைக் கொதிக்க வைத்தார். வாய் திறந்தே இருந்தது, காற்று தாராளமாகப் போய்வந்தது. ஆனால் தூசி கழுத்தின் வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்த குடுவையில் சீக்கிரமே கெட்டது. 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இதற்காக அவருக்குப் பரிசு கொடுத்தது. 1864 ஏப்ரலில் சோர்போனில் கூட்டத்தின் முன்னால் குடுவைகளைக் காட்டிப் பேசினார். உயிர் உயிரிலிருந்து மட்டுமே வரும் என்பது தீர்ப்பானது.

தீர்ப்பு சரிதான். ஆனால் அது ஒரு வாசலை அடைத்துவிட்டது. எல்லா உயிரும் இன்னொரு உயிரிலிருந்து வந்தது என்றால், முதல் உயிர் எதிலிருந்து வந்தது?

சார்லஸ் டார்வின் இதைப் புத்தகத்தில் விரிவாக எழுதத் துணியவில்லை. 1871 பிப்ரவரியில் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் மனம் திறக்கிறார். வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டை. அதில் அம்மோனியாவும் பாஸ்பரஸ் உப்புகளும், கூடவே வெளிச்சம், வெப்பம், மின்சாரம். இவை சேர்ந்து ஒரு புரதச் சேர்மம் உருவாகி, மேலும் மேலும் சிக்கலாகப் போயிருந்தால்? அடுத்து அவர் சொல்வது இன்னும் கூர்மையானது. இன்றைக்கு அப்படி ஒன்று உருவானால், இருக்கிற உயிர்கள் உடனே அதைத் தின்றுவிடும். உயிர்கள் வருவதற்கு முன்னால் அந்தத் தொல்லை கிடையாது. நம்மூர் குளத்தில் ஏன் இப்போது புதிதாக உயிர் முளைப்பதில்லை என்று கேட்பவருக்கு இதுதான் பதில்: இலை போடுவதற்குள் பந்தியில் ஆள் உட்கார்ந்துவிடுகிறது.

1924-இல் மாஸ்கோவில் அலெக்சாந்தர் ஒபாரின் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1929-இல் இங்கிலாந்தில் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாமல் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைய காற்றில் உள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் உயிர்கள் வெளிவிட்டது. உயிர் வருவதற்கு முன்னால் அது கிட்டத்தட்ட இருந்திருக்காது. ஆக்சிஜன் இல்லாத உலகில் கரிமச் சேர்மங்கள் உடனே சிதையாமல் கடலில் தேங்கும். அந்தக் கடலைச் சூடான, நீர்த்த சூப் என்று ஹால்டேன் வர்ணித்தார். அந்த ‘சூப்’ இன்றுவரை இந்தத் துறையை விட்டுப் போகவில்லை.

ஹால்டேன் நமக்கும் கொஞ்சம் சொந்தம். 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். புவனேஸ்வரில் ஆய்வகம் அமைத்து, 1964-இல் அங்கேயே இறந்தார். இறப்பதற்கு முந்தைய வருடம் ஃபுளோரிடாவில் நடந்த கருத்தரங்கில் ஒபாரினை நேரில் சந்தித்தார். முதலில் சொன்னவர் ஒபாரின்தான் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

யோசனை இருந்தது, சோதனை இல்லை. சூப் இருந்திருக்கும் என்று சொல்லலாம், இருந்திருக்காது என்றும் சொல்லலாம். யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

*

1951-இல் மில்லர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தபோது அவருக்கு 21 வயது. அந்த வருடம் ஹெரால்டு யூரி அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்ததற்காக 1934-இல் நோபல் வாங்கியவர். ஆதி பூமியின் காற்றில் ஹைட்ரஜனும் மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட காற்றில் கரிமச் சேர்மங்கள் உருவாகின்றனவா என்று யாராவது செய்து பார்க்கலாம் என்றார். மில்லர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்குச் சோதனை என்றாலே ஆகாது. கணக்கு போடும் வேலைதான் வேண்டும் என்று எட்வர்ட் டெல்லரிடம் சேர்ந்திருந்தார். அடுத்த வருடம் டெல்லர் சிகாகோவை விட்டுக் கிளம்பினார். வழிகாட்டி இல்லாமல் நின்ற பையன் யூரியின் கதவைத் தட்டினான்.

யூரி முதலில் தயங்கினார். ஒரு மாணவரின் முனைவர் பட்டத்தை இப்படி ஒரு சூதாட்டத்தில் வைக்கலாமா? விண்கற்களில் தாலியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் நிச்சயம் பட்டம் கிடைக்கும் என்று யோசனை சொன்னார். மில்லர் விடவில்லை. கடைசியில் ஒரு கெடு வைத்துச் சம்மதித்தார்: ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டும்.

கருவி எளிமையானது. கீழே சின்னக் குடுவையில் கொதிக்கும் நீர், அது கடல். மேலே 5 லிட்டர் குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், அது வளிமண்டலம். நடுவில் இரண்டு மின்முனைகளுக்கிடையே விடாமல் பொறி, அது மின்னல். பிறகு ஒரு கண்டென்சர், அது மழை. நீராவி மேலே போகும், பொறியைக் கடக்கும், குளிர்ந்து நீராகிக் கடலுக்கே திரும்பும். ஒரு வாரம் இப்படியே சுற்றவிட்டார்.

முதல் நாள் முடிவில் தண்ணீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் அடர்சிவப்பாகிக் கலங்கியிருந்தது.

அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவரிடம் இருந்தது பேப்பர் குரோமடோகிராபி. ஒரு தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு. கரைப்பான் தாளில் ஊறி நகரும்போது ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு தூரம் போய் நிற்கும். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் அமினோ அமிலம் இருக்கிற இடத்தில் ஊதாப் பொட்டு தெரியும். இந்த முறையைக் கண்டுபிடித்த மார்ட்டினும் சிஞ்சும் அதே 1952-இல்தான் நோபல் வாங்கியிருந்தார்கள். மில்லரின் தாளில் கிளைசின், இரண்டு வகை அலனின் என்று மூன்று தெளிவான பொட்டுகள். மங்கலாக இன்னும் சில.

வேதியியல் ரீதியாக உள்ளே நடந்ததில் மாயம் எதுவும் இல்லை. பொறி மீத்தேனையும் அம்மோனியாவையும் உடைக்கிறது. துண்டுகள் மறுபடி சேரும்போது ஹைட்ரஜன் சயனைடும் ஆல்டிஹைடுகளும் வருகின்றன. இவை அம்மோனியாவோடும் நீரோடும் சேர்ந்தால் அமினோ அமிலம். 1850-லேயே அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் ஆய்வகத்தில் செய்து காட்டிய வினைதான் இது. விஷம் என்று நாம் அறிந்த சயனைடு வழியாகத்தான் புரதத்தின் செங்கல் வருகிறது. 1960-ஐ ஒட்டிய வருடங்களில் ஜோன் ஓரோ இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். அம்மோனியாவும் சயனைடும் கலந்த நீரைச் சூடாக்கியபோது அவருக்குக் கிடைத்தது அடினைன், நம் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று. ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறுகளைக் கூட்டினால் அடினைனின் வாய்பாடு அச்சு அசலாக வந்துவிடும்.

கட்டுரையை எழுதி யூரியிடம் கொடுத்தார் மில்லர். யூரி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். தன் பெயர் இருந்தால் மாணவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். கருத்தரங்கில் மில்லர் பேசியபோது, உண்மையிலேயே இப்படித்தான் நடந்தது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. கேட்டவர் என்ரிகோ ஃபெர்மி என்பார்கள். கடவுள் இந்த வழியில் செய்யவில்லை என்றால் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார் என்று அர்த்தம், என்றாராம் யூரி.

1953 மே 15-ஆம் தேதி ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. இரண்டே பக்கம். மூன்று வாரங்களுக்கு முன்புதான் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வெளியிட்டிருந்தார்கள். உயிர் எப்படி இயங்குகிறது, எப்படித் தொடங்கியது என்று இரண்டு கேள்விகளும் ஒரே மாதத்துக்குள் ஆய்வக மேஜைக்கு வந்துவிட்டன.

*

ஃபெர்மியின் கேள்விக்கு யூரி சொன்னது நகைச்சுவை. அந்தக் கேள்வி போகவில்லை. அடுத்த தசாப்தங்களில் புவியியலாளர்கள் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள். எரிமலைகள் கக்குவது பெரும்பாலும் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும். ஆதி பூமியின் காற்று எரிமலையிலிருந்து வந்தது என்றால் அதில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தானே ஓங்கியிருக்கும்? மீத்தேனுக்கும் அம்மோனியாவுக்கும் எங்கே போவது?

யூடியூப் கதை சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. இந்த ஓட்டையை அளந்து காட்டியவர்களில் மில்லரும் ஒருவர். 1983-இல் கார்டன் ஷ்லெசிங்கரோடு சேர்ந்து, மீத்தேனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு போட்டுப் பொறியை ஓடவிட்டார். போதுமான ஹைட்ரஜன் கூட இல்லாவிட்டால் அமினோ அமிலம் சொற்பமாகத்தான் வருகிறது என்று அவரே வெளியிட்டார். தன் பெயரைச் சொல்லும் சோதனையின் பலவீனத்தைத் தானே எண்ணில் எழுதி வைப்பது லேசான காரியம் இல்லை.

2008-இல் பேடாவும் கூட்டாளிகளும் அந்தப் பெட்டிகளைத் திறந்தது இந்தப் பின்னணியில்தான். மில்லர் 1950களில் ஒரே கருவியை மட்டும் கட்டவில்லை. இன்னொன்றில், நீராவி குறுகலான முனை வழியாகப் பீறிட்டு நேராகப் பொறிக்குள் பாயும். எரிமலைப் புகைக்குள் மின்னல் வெட்டுவது போல. மில்லர் அதைப் பெரிதாகத் தொடரவில்லை. அந்தக் கருவியின் கறை 11 குப்பிகளில் இருந்தது. ஊதாப் பொட்டை மங்கலாகக்கூடக் காட்டாத அளவுகளையும் இன்றைய கருவிகள் பிடித்துவிடும். எண்ணிப் பார்த்தார்கள்: 22 அமினோ அமிலங்கள், 5 அமீன்கள்.

அடுத்து 1958-இன் குப்பிகள். அந்தச் சோதனையில் மில்லர் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் சேர்த்திருந்தார். முடிவுகளை வெளியிடவே இல்லை. 2011-இல் அதிலிருந்து வந்தது 23 அமினோ அமிலங்கள், கந்தகம் கொண்ட மெத்தியோனின் உட்பட.

பூமி முழுக்க மீத்தேன் நிறைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்த வாசிப்பின் சாரம். ஓர் எரிமலைத் தீவு, அதன் புகைக்குள் மின்னல், பக்கத்தில் ஒரு குட்டை இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் வானத்திலிருந்து வரும். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. அந்தப் பட்டியலுக்கும் மில்லரின் குடுவைப் பட்டியலுக்கும் நிறைய ஒற்றுமை. இந்தச் சரக்கைச் செய்வதற்குப் பிரபஞ்சம் ரொம்பச் சிரமப்படுவதில்லை.

*

சரி, சரக்கு வந்துவிட்டது. ஆனால் சரக்கு உயிர் ஆகிவிடுமா? மளிகைக் கடை முழுக்கப் பொருள் இருந்தாலும் அது சாப்பாடு ஆகாதே.

உயிருக்கு ஒரு குறிப்பு வேண்டும், அதைப் படித்து வேலை செய்ய ஆளும் வேண்டும். நம் செல்லில் குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது, வேலை செய்வது புரதங்கள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தைச் செய்ய டி.என்.ஏ.வின் குறிப்பு வேண்டும். கோழியா முட்டையா கதைதான். எங்கள் துறையில் இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். சி மொழியின் கம்பைலர் சி மொழியிலேயே எழுதப்பட்டது. அப்படின்னா முதல் கம்பைலரைக் கம்பைல் செய்தது எது? பதில் எளிது: அதைவிட எளிய, மெதுவான, கரடுமுரடான வேறொன்று. அது தன் வேலையை முடித்துவிட்டு மறைந்துபோனது.

உயிரின் விஷயத்தில் அந்தக் கரடுமுரடான ஒன்று ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம். குறிப்பைத் தாங்கும் ஆர்.என்.ஏ., வினையூக்கியாகவும் வேலை செய்யும் என்று 1980களின் தொடக்கத்தில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் தனித்தனியாகக் கண்டார்கள். 1989-இல் நோபல். குறிப்பும் ஆளும் ஒன்றேயாக இருந்த காலத்தை வால்டர் கில்பர்ட் 1986-இல் ‘ஆர்.என்.ஏ. உலகம்’ என்று அழைத்தார்.

அந்தப் பழைய கம்பைலர் முழுக்க மறையவில்லை என்பதுதான் ஆச்சரியம். நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யும் ஆலை ரைபோசோம். அதில் ஆர்.என்.ஏ.வும் உண்டு, புரதமும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் அதன் கட்டமைப்பு அணு அணுவாகத் தெளிவானது. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அந்த மையத்தில் புரதமே இல்லை, முழுக்க ஆர்.என்.ஏ. அதைக் காட்டியது ரைபோசோமின் பெரிய பாதியை ஆராய்ந்த தாமஸ் ஸ்டைட்ஸின் குழு. சின்னப் பாதியின் கட்டமைப்பைத் தந்தவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2009-இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அவர் பிறந்த வருடம் 1952, மில்லர் குடுவையைப் பற்றவைத்த அதே வருடம்.

ஆனால் ஆர்.என்.ஏ. சங்கிலி எப்படிக் கோக்கப்பட்டது? இரண்டு கண்ணிகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடலாக இருக்கும்போது நீரை வெளியேற்றுவது, மழையில் நின்றுகொண்டு துணி காயப்போடுவது மாதிரி. சேர்வதைவிட உடைவதுதான் சுலபம். சூப் எவ்வளவு சத்தாக இருந்தாலும், சூப் மட்டும் போதாது என்று இங்கேதான் தெரிகிறது.

ஆகவே பலர் சூப்பிலிருந்து கண்ணை எடுத்துச் சட்டியைப் பார்த்தார்கள். ஜே.டி. பெர்னால் 1940களின் கடைசியிலேயே களிமண்ணின் பரப்பைக் கைகாட்டியிருந்தார். மூலக்கூறுகள் கடலில் கலைந்து திரியாமல் அதில் ஒட்டி நெருங்கும். 1988-இல் ம்யூனிக்கைச் சேர்ந்த காப்புரிமை வழக்கறிஞர் குந்தர் வாக்டர்ஷாய்சர் இரும்பு-கந்தகக் கனிமத்தின் பரப்பிலேயே முதல் வினைச்சுழற்சி நடந்தது என்று வாதிட்டார். கடலடி வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போகிறவர்களின் கண்ணும் அங்கே உள்ள பாறைத் துளைகளின் சுவர்களில்தான். 1996-இல் ஜேம்ஸ் ஃபெர்ரிஸின் குழு, தூண்டப்பட்ட கண்ணிகளை மான்ட்மோரிலோனைட் என்ற களிமண்மேல் திரும்பத் திரும்ப ஊற்றி, 50 கண்ணி வரை நீளும் ஆர்.என்.ஏ. சங்கிலிகளைச் செய்தது. 2003-இல் ஜாக் ஷோஸ்டாக்கின் குழு, அதே களிமண் கொழுப்பமிலங்களைச் செல் சவ்வு போன்ற குமிழிகளாகச் சீக்கிரம் திரளவைக்கிறது என்று காட்டியது. காய்ந்து நனைந்து காயும் குட்டையின் கரைக்கும் மவுசு திரும்பியது. டார்வினின் குட்டைதான். ஆனால் இப்போது தண்ணீரோடு கரையும் கணக்கில் வந்தது.

மீன்குழம்பை மண்சட்டியில் வைத்தால் ஒரு ருசி, எவர்சில்வரில் வைத்தால் ஒரு ருசி என்று நம் வீடுகளில் யாரும் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. சட்டியும் சமையலில் சேர்த்தி என்பது அடுப்படியில் தெரிந்த விஷயம். ஆய்வகத்துக்கு அது தெரிய கொஞ்சம் நாளானது.

*

2021-இல் ஸ்பெயின், இத்தாலி ஆய்வாளர்கள் மில்லரின் சோதனையை மூன்று விதமாகச் செய்தார்கள். ஒன்று வழக்கம்போல போரோசிலிக்கேட் கண்ணாடிக் குடுவையில். இரண்டாவது டெஃப்லான் பாத்திரத்தில், நம் நான்-ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் அதே சரக்கு. மூன்றாவது டெஃப்லான் பாத்திரத்துக்குள் கண்ணாடித் துண்டுகளைப் போட்டு. அதே வாயு, அதே நீர், அதே பொறி.

வெறும் டெஃப்லானில் சேர்மங்கள் குறைவாகவே வந்தன. கண்ணாடித் துண்டு போட்டதில் கூடின. முழுக் கண்ணாடிக் குடுவையில்தான் வகையும் அளவும் அதிகம்.

காரணம் எளிது. அம்மோனியா கலந்த நீர் காரத்தன்மை கொண்டது. அது கண்ணாடியைத் துளித்துளியாகக் கரைக்கும். சிலிக்கா நீருக்குள் வரும், சுவரில் நுண்ணிய குழிகள் விழும், வினைகள் அந்தப் பரப்பில் நடக்கும். பாறை மேலோடு பெரும்பாலும் சிலிக்கேட்டால் ஆனது. கண்ணாடிச் சுவர் மூலமாக மில்லர் தனக்கே தெரியாமல் பூமியின் தரையையும் சோதனைக்குள் கொண்டுவந்திருந்தார். கடல், காற்று, மின்னல், மழை என்று கணக்குப் போட்டவர் கரையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் கரை அங்கேயே இருந்தது. எங்கள் வேலையில் ‘என் மெஷின்ல ஓடுதே’ என்று ஒருவர் சொன்னால், அந்த மெஷினில் வேறு யாரும் கவனிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கவனிக்காத ஒன்றும் புரோகிராமின் பகுதிதான்.

இதெல்லாம் தெரிந்தபிறகு மில்லரின் அந்த இரண்டு பக்கக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். சிவப்பாகிக் கலங்கியது என்று சொல்லும் இடத்துக்கு அடுத்ததாக ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணாடியிலிருந்து வந்த கூழ்மச் சிலிக்கா. சிவப்பு நிறம் அந்தச் சிலிக்காவில் ஒட்டிக்கொண்ட கரிமச் சேர்மங்களுடையது. சொல்லிவிட்டு அமினோ அமிலத்துக்குப் போய்விடுகிறார்.

ஆக, அவர் பார்த்திருக்கிறார். கல்லின் தூளும் கரிமமும் ஒட்டிக்கொண்டதால்தான் அவருடைய கடல் சிவந்தது. 23 வயதில் பார்த்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அதைக் கேள்வியாக மாற்றத்தான் 68 வருடம் பிடித்தது. மில்லர் சொன்ன பதில் எவ்வளவு சரி என்று இன்னும் சண்டை நடக்கிறது, நடக்கட்டும். காற்றைப் பற்றிய ஊகம் ஆட்டம் கண்டபிறகும் அந்தக் குடுவையில் கற்றுக்கொள்ள மிச்சம் இருப்பதற்குக் காரணம், அவர் கறையையும் குறிப்பையும் தூக்கிப்போடாததுதான்.

*

2023 செப்டம்பரில் நாசாவின் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து அள்ளிய கல்லையும் மண்ணையும் பூமியில் இறக்கியது. 2025 ஜனவரியில் முடிவுகள் வந்தன. நம் புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. உப்புநீர் மெல்ல வற்றும்போது படியும் உப்புகளும் இருந்தன. எங்கோ ஓர் ஆதிக் கல்லுக்குள் குட்டை வற்றியிருக்கிறது. சூப்பும் சட்டியும் ஒன்றாக இருந்திருக்கின்றன.

ஆனால் ஒன்று இடித்தது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடது கை, வலது கை என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவங்கள் உண்டு. நம் உடலின் புரதங்கள் இடது கை வடிவத்தில் மட்டுமே கட்டப்பட்டவை. பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. மில்லரின் குடுவையிலும் அப்படித்தான். உயிர் ஏன் ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டது, எந்த இடத்தில் எடுத்துக்கொண்டது? விண்கல்லிலிருந்தே இடது கை கூடுதலாக வந்திருக்கும் என்று நம்பியவர்களுக்குப் பென்னு கைகொடுக்கவில்லை.

 இன்றைக்கு எந்தக் கனிமம், எவ்வளவு காரத்தன்மை, எத்தனை முறை காய வேண்டும், எந்தக் கை என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாணவர் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்து, தோற்றுக்கூடப் போகக்கூடிய வேலை. பென்னுவின் மண்ணையும் முழுக்கச் செலவு செய்யவில்லை. பெரும்பகுதியை இன்னும் வராத கருவிகளுக்காக, இன்னும் பிறக்காதவர்களுக்காக, திறக்காமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்.